பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போதே ரப்பர் மரத்தை வெட்டுகிறார்கள்: தடை உத்தரவு போதுமா, கமிஷனும் கேட்க வேண்டுமா?

திற்பரப்புக்காரி

வணக்கம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு ரப்பர் விளை இருக்கிறது, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். பங்கு கேட்டதற்கு, "கட்டிக்கொடுத்தாச்சு, இனி என்ன பங்கு" என்றார். பத்மநாபபுரம் சப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு போட்டிருக்கிறேன். சம்மன் போனதிலிருந்து மரங்களில் இரண்டு பக்கமும் பட்டையைச் சீவி, ஏணி வைத்து மேலேயும் வெட்டிப் பால் எடுக்கிறார்கள். வடக்கு ஓரத்தில் சில மரங்களை அடியோடு அறுத்துவிட்டதாகப் பக்கத்து விளைக்காரர் சொல்கிறார். நான் திருமணமாகி நாகர்கோவிலில் இருக்கிறேன். அங்கே போனால் சண்டைதான் வரும்.

தீர்ப்பு வரும்போது மரமே இல்லாத விளையில் பாதி கிடைத்து என்ன பயன்? தடை உத்தரவு கேட்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். கோர்ட் மூலம் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்று என் நாத்தனார் சொல்கிறார். இரண்டும் வேண்டுமா?

நெய்யூர் தம்பி

அக்கா, கமிஷன் எல்லாம் வீண் செலவு. கமிஷனர் வருவார், நாலு போட்டோ எடுப்பார், போவார். எங்கள் பாதைத் தகராறு வழக்கில் அதுதான் நடந்தது. நேராகத் தடை வாங்குங்கள்.

தக்கலை வராந்தா

நான் வக்கீல். இந்த இரண்டையும் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தடை உத்தரவு இனிமேல் நடக்கப்போவதைத் தடுக்கும். இதுவரை நடந்தது என்ன, இன்று விளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது பதிவு செய்யாது. நாளைக்கு உங்கள் அண்ணன் "நான் ஒரு மரமும் வெட்டவில்லை, அங்கே முதலிலேயே அவ்வளவு மரம்தான் இருந்தது" என்று சொன்னால் உங்களிடம் என்ன இருக்கிறது? அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், ரப்பர் என்று இருக்கும். எத்தனை மரம், எந்த வயது என்று இருக்காது. தடையை மீறினார் என்று நிரூபிக்கவும் தடை வந்த அன்று என்ன இருந்தது என்பது தெரிய வேண்டும். நம் ஊரில் எத்தனையோ தடை உத்தரவுகள் காகிதமாகவே கிடப்பது இதனால்தான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று ஆர்டர் 26 ரூல் 9. தலத்தில் போய்ப் பார்த்து அறிக்கை தர ஒரு கமிஷனரை நியமிப்பது. எல்லோருக்கும் தெரிந்தது இது. இன்னொன்று ஆர்டர் 39 ரூல் 7. நம் பக்கத்தில் இதை அதிகம் யாரும் கேட்பதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. வழக்கில் இருக்கும் சொத்தையோ, வழக்கில் கேள்வி எழக்கூடிய எந்தப் பொருளையோ பார்வையிடவும், பாதுகாக்கவும், பிடித்து வைக்கவும் அந்த விதியின் கீழ் உத்தரவிடலாம். எதிர்த்தரப்பின் அனுபவத்தில், அதாவது கைவசத்தில், இருக்கும் நிலத்துக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் நுழைய ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். மாதிரி எடுக்கவும் சோதனை செய்யவும் அனுமதிக்கலாம். வழக்கு தாக்கல் செய்த பிறகு வாதி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பிரதிவாதியும் ஆஜரான பிறகு கேட்கலாம், இது ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்த ஆயுதம் அல்ல. பொதுவாக எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போக வேண்டும். தாமதத்தால் மனுவின் நோக்கமே கெட்டுவிடும் என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் நோட்டீஸ் இல்லாமலும் உத்தரவிடலாம், ரூல் 8 அதைச் சொல்கிறது.

உங்கள் விஷயத்தில் மூன்று இடைக்கால மனு போடச் சொல்வேன். ஆர்டர் 39 ரூல் 1-இல் தடை, ரூல் 7-இல் பாதுகாப்பும் பார்வையும், ஆர்டர் 26 ரூல் 9-இல் கமிஷன். கடைசி இரண்டும் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தால் ஒரே கமிஷனரே இரண்டு வேலையையும் செய்துவிடுவார்.

தடை மனுவில் ஒரு கவனம். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளியை "விளைக்குள் வராதே, பால் எடுக்காதே" என்று நிறுத்துவது கஷ்டம். அவருக்கும் அதில் உரிமை இருக்கிறது. சொத்தை நாசம் செய்யாதே, மரத்தை அறுக்காதே, விற்காதே என்று கேளுங்கள். ரூல் 1-இல் இருப்பதே சொத்து நாசமாகும், சேதமாகும், கைமாறும் ஆபத்து என்பதுதான். 2004-இல் மஹர்வால் கேவாஜி டிரஸ்ட் வழக்கில், வழக்கு முடிவதற்குள் சொத்தின் தன்மையை மாற்ற லேசில் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையும் காட்டலாம்.

சட்டம் மூன்றாமாண்டு

திற்பரப்பு அக்கா, நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் "கட்டிக்கொடுத்தாச்சு" என்ற பேச்சு எடுபடாது. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மிகக் குறைவாகத்தான் இருந்தது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் இங்கே இன்னும் பலர் பழைய கணக்கைப் பேசுகிறார்கள். இழைக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும். ஆனால் தடை மனுவில் முதல்பார்வைக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பார்கள், அங்கே இது உதவும்.

திற்பரப்புக்காரி

ஆமாம் தம்பி, சி.எஸ்.ஐ. குடும்பம்தான். நன்றி.

வராந்தா சார், நோட்டீஸ் இல்லாமல் என்று சொன்னீர்களே, அது நடக்குமா? நோட்டீஸ் போனால் அந்த வாரமே லாரி வரும்.

தக்கலை வராந்தா

நடக்கும், ஆனால் பிரமாணப் பத்திரத்தில் விஷயம் இருக்க வேண்டும். "அவசரம், அவசரம்" என்று பத்து தடவை எழுதினால் போதாது. எந்தத் தேதியில் யார் பார்த்தார், எந்த ஓரத்தில் எத்தனை மரம் போனது, போட்டோ எப்போது எடுத்தது என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்து விளைக்காரர் ஒரு பிரமாணப் பத்திரம் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். நோட்டீஸ் இல்லாமல் தடை கிடைத்தால் மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்களின் நகலை அன்றோ மறுநாளோ எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பியதாக பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுத் தடையையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதிகாலை வெட்டு

நான் சிறு வயதிலிருந்து பால் வெட்டுகிறவன். அக்கா சொல்வது கடும்வெட்டு. மரத்தை அறுத்து விற்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முந்தைய கொஞ்ச காலத்தில் இப்படித்தான் செய்வார்கள். பால் கூடுதலாக வர எத்ரல் மருந்து தேய்த்து, ஒன்றுக்கு இரண்டு மூன்று இடத்தில் வெட்டி, இருக்கிற பாலையெல்லாம் இழுத்துவிடுவார்கள். நல்ல மரம் ஏழு வருடத்தில் வெட்டுக்கு வந்தால் இருபது வருடத்துக்கும் மேலே பால் தரும். உங்கள் விளை எந்த வயது?

திற்பரப்புக்காரி

ஒக்கி புயல் வந்த வருடம் பாதி விழுந்துவிட்டது. அதற்கடுத்த மழைக்கு அப்பா புதுக்கன்று வைத்தார். மீதிப் பாதி பழைய மரம்.

அதிகாலை வெட்டு

அப்படியென்றால் கேளுங்கள். பழைய மரத்தில் கடும்வெட்டு என்றால் அது வயதானது என்று அண்ணன் சொல்லிவிடலாம். 2018 மழைக்கு வைத்த கன்று இப்போதுதான் வெட்டுக்கு வந்திருக்கும். அதில் இரண்டு பக்கமும் பட்டை போயிருந்தால் அது நாசம்தான், அதற்கு வேறு காரணம் சொல்ல முடியாது. கமிஷனர் வரும்போது புது மரத்தையும் பழைய மரத்தையும் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள். பட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கத்தி பட்டைக்குள்ளே தடிவரை இறங்கினால் அங்கே முண்டு முண்டாக வீங்கும், அதையும் காட்டுங்கள்.

அறுத்த மரம் எங்கே என்று தேடும்போது அடிக்குற்றியைப் பாருங்கள். புதிதாக அறுத்ததென்றால் பால் உறைந்து ஒட்டியிருக்கும். மழை பெய்தால் சீக்கிரம் கறுத்துவிடும், அப்புறம் இது ஒக்கியில் விழுந்தது என்று சொல்ல யாருக்கும் கஷ்டமில்லை. புயலில் விழுந்த மரம் வேரோடு சாய்ந்திருக்கும் அல்லது முறிந்திருக்கும். வாளால் அறுத்தது தட்டையாக இருக்கும். இதெல்லாம் வக்கீல் கமிஷனருக்குத் தெரியாது, யாராவது சொல்ல வேண்டும்.

தக்கலை வராந்தா

நண்பர் சொன்னது தங்கம் போன்ற விஷயம். இதை அப்படியே மெமோவாக எழுதிக் கமிஷனரிடம் கொடுங்கள். கமிஷனர் கோர்ட் வாரண்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார். "சொத்தைப் பார்த்து அறிக்கை தரவும்" என்று மட்டும் மனுவில் கேட்டால் "சொத்தைப் பார்த்தேன், ரப்பர் மரங்கள் உள்ளன" என்று ஒரு பக்கம் வரும். நெய்யூர் தம்பி சொன்ன நாலு போட்டோ கதை இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். மனுவிலேயே கேளுங்கள்: மரங்களின் எண்ணிக்கை, வெட்டுப் பட்டையின் நிலை, புதிதாக அறுத்த குற்றிகள் எந்த எல்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில், விளைக்குள் கிடக்கும் தடிகள், கிணறு, மோட்டார், ரப்பர் அடிக்கும் மெஷின், ஷெட்டில் இருக்கும் ரப்பர் ஷீட். ரப்பர் தெரிந்த நிபுணர் ஒருவரைக் கமிஷனரோடு அனுப்பவும் கேளுங்கள். அறிவியல் ஆய்வு தேவைப்பட்டால் ரூல் 10ஏ தனியாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். "விளை யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கண்டறிய" என்று எழுதினால் மனு தள்ளுபடியாகும். அனுபவம் யாருடையது என்பது சாட்சியத்தில் முடிவாக வேண்டியது, அதைத் திரட்டித் தரக் கமிஷனரை அனுப்ப மாட்டார்கள்.

நெய்யூர் தம்பி

சரி சார், எங்கள் மனுவில் ஒரே வரிதான் இருந்தது, அது உண்மை. ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வழக்கில் நாங்கள் பிரதிவாதி. வீட்டில் பெண்கள் மட்டும் இருந்த நேரத்தில் கமிஷனரோடு எதிர்த்தரப்பு ஆட்கள் பத்துப் பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் சொன்ன இடத்தில்தான் டேப் பிடித்தார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கோர்ட் உத்தரவு என்றால் யாரும் வீட்டுக்குள் வரலாமா?

தக்கலை வராந்தா

வரக்கூடாது தம்பி. உள்ளே நுழைய அதிகாரம் உத்தரவில் பெயர் உள்ளவருக்குத்தான். கமிஷனர் தேதியும் நேரமும் சொல்லி இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தரப்பினர் நேரிலோ தங்கள் ஆள் மூலமோ ஆஜராகலாம். ஆனால் கூட்டத்தை அழைத்து வர அது அனுமதி இல்லை. உங்கள் வக்கீல் அதே இடத்தில் ஆட்சேபத்தை எழுதிக் கமிஷனரிடம் கொடுத்திருக்கலாம், அறிக்கையோடு அதுவும் சேரும். அறிக்கை வந்த பிறகும் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். கமிஷனரின் அறிக்கை வழக்கில் சாட்சியமாகும், அதனால்தான் கோர்ட் அனுமதியோடு அவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கவும் வழி இருக்கிறது. கோர்ட்டுக்குத் திருப்தி இல்லையென்றால் மேலும் விசாரிக்கச் சொல்லும்.

வழக்கு வரும் என்று முன்பே தெரிந்தால் கேவியட் போட்டு வையுங்கள். பிரிவு 148ஏ. 90 நாள் செல்லும். அதற்குள் யார் மனு போட்டாலும் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் விசாரிப்பார்கள்.

சட்டம் மூன்றாமாண்டு

இங்கிலாந்தில் இதே கவலை வந்திருக்கிறது. 1975-இல் ஆன்டன் பில்லர் வழக்கில் அப்பீல் நீதிமன்றம், எதிர்த்தரப்புக்குத் தெரியாமலே ஆதாரத்தைப் பாதுகாக்க உத்தரவிடலாம் என்றது. ஆனால் அது போலீஸ் சோதனை வாரண்ட் மாதிரி கதவை உடைக்கும் அதிகாரம் இல்லை. "உள்ளே விடு" என்று பிரதிவாதிக்கு இடும் உத்தரவு. விடாவிட்டால் கோர்ட் அவமதிப்பு. ஆதாரத்தை அழித்துவிடுவார் என்பதற்கு வலுவான அடிப்படை வேண்டும் என்றும் சொன்னார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் போலிப் பொருள் வழக்குகளில் கமிஷனரை நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவது இந்த வழியில்தான்.

சங்கிலிக்கல்

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். மக்களே, ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். வடக்கு ஓரத்து மரம் என்றால் அந்த ஓரம் யாருடையது? அண்ணன் நாளைக்கு "அது பக்கத்து விளையைச் சேர்ந்தது, நம் எல்லை கையாலைக்கு இந்தப் பக்கம்" என்று எல்லை மண்சுவரைக் காட்டிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? கமிஷனரோடு தாலுகா சர்வேயரையும் அனுப்பக் கேளுங்கள். எல்லைத் தகராறில் கமிஷனரை நியமித்து அளந்திருக்க வேண்டும் என்று 2008-இல் ஹரியானா வக்ஃப் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நம் மாவட்டத்தில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அப்பாவின் பத்திரம் பழையதென்றால் மலையாளத்தில் இருக்கும், கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். கொல்லம் 1110 என்றால் 1934–35. சர்வே எண்ணும் பழைய எண். இன்றைய எஃப்.எம்.பி. (புல அளவு) வரைபடம் ரீசர்வே எண்ணில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியலை முன்கூட்டியே தாலுகா அலுவலகத்தில் வாங்கி, மலையாளப் பத்திரத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் நின்றால் சர்வேயர் "ஆவணம் போதாது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ. கையாலையை மட்டும் நம்பி அளக்க விடாதீர்கள். இரண்டு மழைக்கும் மண் கையாலை கரையும், சரியும், திரும்பக் கட்டும்போது ஒரு முழம் நகரும். சர்வே கல்லிலிருந்து அளக்க வேண்டும்.

குளச்சல் கரை

எங்கள் வழக்கில் நிலம் இல்லை, வள்ளம். மூன்று பேர் பணம் போட்ட ஃபைபர் வள்ளமும் இரண்டு என்ஜினும். பங்கு தகராறில் பிடித்துக் கரையில் வைக்க உத்தரவு வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். உப்புக்காற்றில் என்ஜின் கிடந்தால் யாருக்கு லாபம்? வராந்தா சார், இதற்கு என்ன?

தக்கலை வராந்தா

பிடித்து வைப்பது எல்லா இடத்திலும் பாதுகாப்பு ஆகாது. உங்களுக்கு ஆர்டர் 40-இல் ரிசீவர் கேட்பது நல்லது. தரப்பில் ஒருவரையே ரிசீவராகப் போட்டு, வள்ளம் கடலுக்குப் போகட்டும், வரவு செலவுக் கணக்கு கோர்ட்டுக்கு வரட்டும் என்று உத்தரவிடலாம். முதலில் கமிஷனரை அனுப்பி என்ஜின் எண்ணையும் நிலையையும் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய என்ஜின் புது என்ஜின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

திற்பரப்புக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். வழக்கு நடக்கும்போது விற்றால் வாங்கினவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று படித்தேன். அப்படியென்றால் ஏன் இவ்வளவு அவசரம்?

தக்கலை வராந்தா

சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52. நிலத்துக்கு அது சரி. உங்கள் அண்ணன் விளையை விற்றாலும் வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் அறுத்து லாரியில் ஏற்றிய தடி மில்லுக்குப் போய்ப் பலகையான பிறகு எந்தப் பிரிவும் அதைத் திருப்பித் தராது. பணமாகக் கேட்கலாம், அதற்கும் எத்தனை மரம் என்ற கணக்கு வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

மே விடுமுறைக்கு முன்னால் மனுவை எடுத்துவிடுங்கள். விடுமுறையிலும் அவசர மனுவுக்கு வழி இருக்கிறது, ஆனால் மரம் வெட்டுகிறவர்கள் காத்திருப்பது சனி, ஞாயிறும் கோர்ட் விடுமுறையும்தான்.

திற்பரப்புக்காரி

மறுபடியும் வருகிறேன். மூன்று மனுவும் போட்டோம். பக்கத்து விளைக்காரர் பிரமாணப் பத்திரம் கொடுத்தார், பெரிய மனசு. மரம் அறுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது, கமிஷனரும் சர்வேயரோடு வந்தார். அதிகாலை வெட்டு அண்ணன் சொன்னபடி மெமோ கொடுத்தேன். புது மரம் தனியாக, பழைய மரம் தனியாக எண்ணினார்கள். புது மரத்திலும் இரண்டு பக்கமும் பட்டை போயிருந்தது, படம் எடுத்தார்கள். வடக்கு ஓரம் எங்கள் எல்லைக்குள்தான் என்று சர்வேயர் வரைபடத்தில் குறித்திருக்கிறார். சங்கிலிக்கல் அண்ணாச்சி, ஒப்பீட்டுப் பட்டியல் இல்லையென்றால் அன்று ஒன்றும் நடந்திருக்காது.

இப்போது வேறு பிரச்சினை. அறுத்த தடி ஷெட் பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. தடை இருப்பதால் அண்ணன் எடுக்க முடியாது, நானும் எடுக்க முடியாது. மழை ஆரம்பித்துவிட்டது.

அதிகாலை வெட்டு

ரப்பர் தடி மழையில் கிடந்தால் சீக்கிரம் நீலம் பூத்துப் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் விறகு விலைதான்.

தக்கலை வராந்தா

ஆர்டர் 39 ரூல் 6 இதற்காகவே இருக்கிறது. சீக்கிரம் கெடக்கூடிய அசையும் பொருளை, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே விற்க கோர்ட் உத்தரவிடலாம். நீங்களே மனு போடுங்கள். அதே கமிஷனர் முன்னிலையில் விற்று, பணத்தைக் கோர்ட் கணக்கில் கட்டி, வங்கியில் வைப்பாகப் போடக் கேளுங்கள். உங்கள் அண்ணனுக்கும் அதில் நஷ்டமில்லை, அதனால் அவர் வக்கீலிடம் பேசிச் சம்மதக் குறிப்பு வாங்கிவிட்டால் ஒரே வாய்தாவில் முடியும். தடையை மீறினால் ரூல் 2ஏ-இல் சொத்து ஜப்தியும் மூன்று மாதம் வரை சிவில் சிறையும் உண்டு என்பது அவர் வக்கீலுக்குத் தெரியும், அதனால் பேச்சுக்கு வருவார்.

நெய்யூர் தம்பி

அக்கா, தடியை டன் கணக்கில்தான் எடுப்பார்கள். லாரி ஏறும் முன்னால் காலி லாரி எடையையும் கமிஷனர் பார்க்க வேண்டும் என்று மனுவில் சேர்த்துவிடுங்கள்.

திற்பரப்புக்காரி

சேர்த்துவிட்டேன் தம்பி. அண்ணன் வக்கீல் சம்மதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் எடைமேடை அவர்கள் சொல்லும் இடத்தில் வேண்டுமாம்.

தக்கலை வராந்தா

அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். எடைமேடையைக் கமிஷனர் முடிவு செய்யட்டும் என்று எழுதுங்கள். எடைச் சீட்டின் அசல் அறிக்கையோடு கோர்ட்டுக்குப் போக வேண்டும், நகல் இரு தரப்புக்கும்.